மாடு களைத்தது, மோட்டார் களைக்கவில்லை



போன நூற்றாண்டில் நம் கெங்கவல்லிப் பக்கம் எத்தனையோ மாறிவிட்டது. ஏர் குறைந்து டிராக்டர் வந்தது. கம்பும் சோளமும் விளைந்த காட்டில் மரவள்ளியும் மக்காச்சோளமும் வந்தன. ஆனால் பெரிய மாற்றம் நம் கிணற்றுக்குள்ளேதான் நடந்தது. அதைப் பற்றி இன்று பேசலாம்.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அணை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் காவிரியோடு கீழே போய்விடும். நமக்கு மழை பெய்தால் சுவேதா நதி. மற்றபடி ஏரியும் கிணறும்தான்.

என் தாத்தா கவலை இறைத்தவர். விடியுமுன் மாடு பூட்டினால், வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார். அதற்குள் கிணறும் தணிந்திருக்கும். "மாட்டுக்கும் இளைப்பாற வேணும், கிணத்துக்கும் ஊத்து ஊற வேணும்" என்பார். மாட்டின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நாம் அதை அப்போது உணரவில்லை.

காமராஜர் ஆட்சிக் காலத்தில், 1954 முதல் 1963 வரை, கிராமம் கிராமமாக மின்சாரம் வந்தது. கிணற்று மேட்டில் மோட்டார் ஏறியது. 1965இல் ஆடுதுறை 27, 1966இல் ஐ.ஆர். 8 என்று புது நெல் ரகங்கள் வந்தன. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த ஆத்தூர் கிச்சிலிச் சம்பா பின்னுக்குப் போயிற்று. 1943இல் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் வளர வளர, மரவள்ளிக்கும் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தது. வயிறார சோறு கிடைத்தது, கையில் நாலு காசும் புரண்டது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. இதுவும் பெரிய உதவிதான். ஆனால் மாட்டுக்குத் தீனி, என்ஜினுக்கு எண்ணெய் என்று முன்பு பார்த்த கணக்கு அதோடு நின்றுபோயிற்று.

கிணறு வற்றியதும் என் அப்பா போர் போட்டார். மூன்று போரில் இரண்டு புகைதான் கக்கின. மூன்றாவது போடும்போது நான் வேளாண்மை படித்து வேலைக்கும் வந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை. அந்தக் கடனுக்கு அம்மாவின் நகை போயிற்று. உங்களில் பலருக்கும் இந்தக் கதை தெரியும்.

நம் ஊர்ப் பாறை பஞ்சு அல்ல. மேலே உளுத்த பாறையிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போகப் பொதுவாக வெடிப்பு குறையும். பக்கத்துக் காட்டுக்காரரும் நீங்களும் ஒரே வெடிப்பிலிருந்து இறைக்கலாம். அப்படியானால் போட்டிபோட்டு ஆழம் போவதால் ஊருக்குத் தண்ணீர் கூடுமா? கூடாது.

சரி, என்ன செய்யலாம்? கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டுங்கள். மாதம் பிறந்த முதல் நாள், மோட்டார் போடுமுன் கிணற்றில் விட்டு அளந்து, காலண்டரிலேயே குறித்துவையுங்கள். போர் மட்டும் உள்ளவர்கள், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியபின் தண்ணீர் நின்றுபோகிறது என்று குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாத அளவைப் போன வருட அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்கியிருந்தால் நெல்லையும் மஞ்சளையும் குறைத்து, சோளம், கம்பு, பயறு வகைகளைப் போடுங்கள். மரவள்ளிக்குச் சொட்டு நீர் போடுங்கள். மானியத்துக்கு உங்கள் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். காட்டில் விழும் மழையைப் பண்ணைக்குட்டையில் நிறுத்துங்கள்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். காசுக் கணக்குக்கு அது பொருந்தலாம். தண்ணீர்க் கணக்கு அப்படியல்ல. அதைப் பார்க்கிறவனுக்குத்தான் கிணறு மிஞ்சும். தாத்தாவுக்கு அந்தக் கணக்கை மாடு பார்த்துக் கொடுத்தது. இனி நாம்தான் பார்க்கவேண்டும்.