பஞ்சத்தில் பிறந்த பட்டறை

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் கலைத் தொழிற்பள்ளி 1878-ல் தொடங்கியது. ஆனால் அதன் கதையை அதற்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்து, தாது வருஷப் பஞ்சத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

1876-ல் மழை பொய்த்தது. மூன்று வருஷம் நீண்ட அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தேரிக்காட்டுச் செம்மணலில் பனையை நம்பிப் பிழைத்த ஊர்களிலும் அடுப்பு எரியவில்லை. மருத்துவ ஊழியத்துக்கென்று ஆர்தர் மர்காஷிஸ் நாசரேத்துக்கு வந்து இறங்கியதும் அதே வருஷம்தான். இருபதுகளில் இருந்த இங்கிலாந்துக்காரர். டாக்டர் ஸ்ட்ராச்சன் ஐயர் ஆரம்பித்த வைத்தியசாலை அவருக்காகக் காத்திருந்தது. அதைவிட அதிகமாகக் காத்திருந்தவர்கள், தாய் தகப்பனைப் பஞ்சத்துக்குப் பறிகொடுத்த பிள்ளைகள்.

அவர்களுக்கு ஓர் இல்லம் வைத்தார். சோறு, துணி, எழுத்து. அத்தோடு நிறுத்தியிருந்தாலும் நன்றிக்குரியவரே. ஆனால் பஞ்சம் போன பிறகு இந்தப் பையன்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? நிலம் இல்லை, சொந்தம் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் பட்டறை. தச்சு, கொல்லு, நெசவு, தையல் என்று கைத்தொழில் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

இன்று இது சாதாரணமாகத் தெரியும். அன்று அப்படியில்லை. உளி ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு, தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு என்று தொழில் பிறப்போடு பூட்டிக் கிடந்த காலம் அது. பனையேறி மகன் கொட்டாப்புளியைப் பிடித்துச் சட்டத்தில் துளை போடுவதும், கழுந்து அதில் இறுக்கமாக உட்காரும் வரை இழைத்து இழைத்துப் பார்ப்பதும் ஊர் வழக்கத்தையே மீறுகிற காரியம். சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்று வாதாடியவர் மர்காஷிஸ். என் பார்வையில், அந்த வாதத்தைவிட வலுவாகப் பேசியது இந்தப் பட்டறைதான்.

இதே வட்டாரத்தில் இருபது வருஷம் முன்னால் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். மிஷனரி கால்டுவெல் 1849-ல் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. நாசரேத் மிஷனரியோடு மோதி வேலையிழந்த உபதேசியார் சட்டாம்பிள்ளை 1857-ல் பிரிந்து போய், பக்கத்துப் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் அதிகாரமே இல்லாத தனிச் சபையை உருவாக்கினார். ஓய்வுநாள்கூட சனிக்கிழமைக்கு மாறியது. வேதத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. மேலிருந்து கட்டளையிட்ட கையைத்தான் உதறினார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். மர்காஷிஸும் அதிகாரம் உள்ள வெள்ளைக்கார மிஷனரிதான். ஆனால் அவர் பெயர் ஊரில் நிலைத்தது அந்த அதிகாரத்தால் அல்ல.

பெரிய வியாழனன்று ஆலயங்களில் வாசிக்கிற பகுதியை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, இடுப்பில் சீலையைக் கட்டிக்கொண்டு சீஷரின் கால்களைக் கழுவுகிறார். பேதுரு தடுக்கிறான். பெரியவர் குனிவதை ஏற்றுக்கொள்ள அவனாலும் முடியவில்லை. நாசரேத்தில் அந்தக் குனிதல் பிள்ளைகளின் பசி, பிழைப்பு, கைவேலை என்று நாள்தோறும் நடந்தது.

மர்காஷிஸ் 32 வருஷம் அங்கேயே இருந்தார். வைத்தியசாலை வளர்ந்தது, பள்ளிகள் எழுந்தன, பெண்பிள்ளைகள் படிக்க வந்தார்கள். 1908 ஏப்ரல் 27-ல் நாசரேத்திலேயே கண்மூடினார். ஊர் அவரை நாசரேத்தின் தந்தை என்று அழைக்கிறது. அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. தொழிற்பள்ளியிலிருந்து இன்றும் பையன்கள் கைத்தொழிலோடு வெளியே வருகிறார்கள்.

இந்த ஊரின் பெயரையும் தாங்கி 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி அணியாகப் பிரிந்து நிற்கிறோம். வழக்கு நீதிமன்றம் வரை போகிறது. பொறுப்புக்குப் போட்டியிடும் அண்ணாச்சிமாருக்கும் ஐயர்மாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். வேட்புமனு கொடுக்கும் முன் அந்தத் தொழிற்பள்ளிக்கு ஒருமுறை போய், வேலை செய்கிற பையன்களிடம் உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.