சேங்கொட்டைக் குறி: ஒரு தோல் தடிப்பின் காரணம் தேடிய வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படைவீரர் சிலருக்குக் காரணம் விளங்காத தோல் தடிப்பு ஒன்று தோன்றியது. பிடரியிலோ இடுப்பிலோ ஒரு சிறு திட்டு மட்டும் சிவந்து, தடித்து, கடுமையாக அரித்து, நீர்க்கொப்புளமாகும். சுற்றியுள்ள தோலில் குறையொன்றும் இராது. ஒரே கூடாரத்தில் தங்கி, ஒரே உணவை உண்டு, ஒரே சலவையாளரிடம் துணி கொடுத்தவர்களுள் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது.

இந்நோய்க்குக் காரணம் தேடியவர்களுக்குத் தடையாக நின்றவற்றுள் ஏற்கெனவே வழக்கிலிருந்த ஒரு சொல்லும் அடங்கும் என்பதே என் கருத்து. வெப்பநாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயர் தொடை இடுக்கில் தோன்றும் அரிப்பை ‘டோபி இட்ச்’ என்றனர். சலவையாளர் அரிப்பு என்பது அதன் பொருள். அது பெரும்பாலும் பூஞ்சையால் வரும் படர்தாமரை. வியர்வையும் ஈரமும் இறுகிய உடையும் அதனை வளர்ப்பவை. ஆயினும், வெளுத்து வந்த துணிவழியாகவே அது தொற்றுகிறது என்ற நம்பிக்கை அப்பெயரிலேயே பொதிந்திருந்தது. ‘டோபி’ என்பது இங்கே நோயின் இடத்தையோ தன்மையையோ குறிக்கவில்லை, குற்றவாளியைக் குறித்தது. பெயர்த்தொகை ஒன்று வழக்கில் நிலைத்துவிட்டால், அதனுள்ளிருக்கும் கூற்றை எவரும் மீண்டும் மெய்ப்பிக்கக் கேட்பதில்லை. துணியால் வரும் எந்த அரிப்புக்கும் சலவையாளரின் தூய்மைக்குறைவே விடையாக முன்வந்து நிற்கும்.

1943-இல் லிவிங்குட், ரோஜர்ஸ், ஃபிட்ஸ்-ஹியூ ஆகிய மூன்று மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை இப்புதிருக்கு விடை தந்தது. விடைக்கான திறவுகோல் தடிப்பு தோன்றிய இடம். சட்டையின் கழுத்துப் பட்டையிலும் உள்ளாடையின் இடுப்புப் பட்டையிலும், யாருடைய துணி என்பதை அடையாளம் காணச் சலவையாளர் இட்ட கருங்குறி தோலில் படும் இடமே அது. துணி அழுக்காக இருந்ததால் வந்த நோயன்று; வெளுத்த பின்னும் அழியாத குறியால் வந்த நோய்.

அக்குறி சேங்கொட்டையின் சாற்றால் இடப்படுவது. சேராங்கொட்டை என்றும் வழங்கும். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய்ப் பசையைக் கூரிய குச்சியாலோ ஊசியாலோ துணியில் தொட்டு வைத்து, மேலே சுண்ணாம்பைத் தடவினால் நிறம் கறுத்து நிலைபெறும். எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது. புள்ளிகளும் கோடுகளும் கொண்ட இக்குறிகள் வீட்டுக்கொன்றாக அமைந்து, அவற்றை இட்டவருக்கு மட்டுமே விளங்கும் ஓர் எழுத்துமுறையைப் போல இயங்கின.

சாற்றின் வேதியியல் முன்னரே ஆராயப்பட்டிருந்தது. பிள்ளை, சலீமுஸ்ஸமான் சித்திக்கி ஆகிய இருவரும் 1931-இல் இந்திய வேதியியல் கழகத்தின் இதழில் இக்கொட்டையைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அதன் வீரியப் பொருளுக்கு இந்திப் பெயரான ‘பிலாவா’வை ஒட்டிப் பிலவனால் என்ற பெயர் நிலைத்தது. அது அமெரிக்கக் காடுகளில் வளரும் பாய்சன் ஐவிக் கொடியின் நஞ்சுக்கு நெருங்கிய உறவுடையது. அக்கொடியால் முன்பே ஒவ்வாமை பெற்ற ஒருவரின் உடல் சேங்கொட்டைச் சாற்றையும் அடையாளம் கண்டு எதிர்வினை புரியும். சிலருக்கு வந்து சிலருக்கு வராததன் காரணம் இதனால் விளங்குகிறது. இவ்வகை ஒவ்வாமை தொட்டவுடன் தோன்றாமல் ஓரிரு நாள் கழித்தே தோன்றும். துணி உடுத்திய நாளும் தடிப்புத் தோன்றிய நாளும் வேறாகிவிடுவதால், இரண்டையும் இணைத்துப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை.

இனி மொழியின் பக்கம் வருவோம். இக்கொட்டையின் வடமொழிப் பெயர்களாக அமரகோசம் தருபவற்றுள் ‘அருஷ்கர’ என்பதும் ‘அக்னிமுகீ’ என்பதும் உண்டு. முன்னதற்குப் புண் செய்வது என்றும், பின்னதற்குத் தீ முகத்தது என்றும் பொருள். இளைய லின்னேயஸ் இம்மரத்தின் பேரினத்துக்கு இட்ட ‘செமெகார்ப்பஸ்’ என்ற பெயரோ, குறி, கனி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆனது. ஆக, இது புண் செய்யும் என்பது ஒரு மொழியின் பெயரில் இருந்தது. இது குறியிடப் பயன்படும் என்பது வேறொரு மொழியின் பெயரில் இருந்தது. விடையின் இரு பாதிகளும் இரு மரபுகளில் தனித்தனியே கிடந்தன.

தென்னிந்திய மொழிகளில் இன்னொரு செய்தியும் உண்டு. மலையாளத்தில் ‘சேரு’ என்றும் கன்னடத்தில் ‘கேரு’ என்றும் வழங்கும் சொற்கள் இவ்வகை மரங்களைக் குறிப்பவை. போர்த்துகீசியரால் முந்திரி இந்தியாவுக்கு வந்தபோது, கன்னடம் அதற்கும் ‘கேரு’ என்ற பெயரையே நீட்டித்தது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று இன்றைய தாவரவியல் கூறுகிறது. முந்திரி ஓட்டின் எண்ணெயும் அதனை உடைக்கும் தொழிலாளரின் கைகளைப் புண்ணாக்குகிறது.

இதிலிருந்து ‘நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர்’ என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. சாறு பட்டால் புண்ணாகும் என்று அறிவது வேறு. துவைத்து உலர்த்திய துணியில் எஞ்சிய கறையும், முன்பே ஒவ்வாமை பெற்ற உடலில், நாட்கள் கழித்துத் தடிப்பை உண்டாக்கும் என்று அறிவது வேறு. சித்த மருத்துவம் இக்கொட்டையைச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்கச் சொல்கிறது. அந்த எச்சரிக்கை மருந்துக்குரியது. சட்டைக் கழுத்துக்கு அதனை நீட்டிக்க 1943-இன் உற்றுநோக்கல் தேவைப்பட்டது.

அக்கட்டுரை இந்நோய்க்கு இட்ட பெயர் ‘டோபி மார்க் டெர்மட்டைட்டிஸ்’. சலவைக்குறித் தோலழற்சி எனலாம். பழைய பெயருக்கும் இதற்கும் இடையே ‘குறி’ என்ற ஒரு சொல் நுழைந்திருக்கிறது. காரணம் மனிதரிலிருந்து பொருளுக்கு மாறியதை அச்சொல் பதிவு செய்கிறது. ஆனால் ‘டோபி’ அகலவில்லை. அச்சாற்றை நாள்தோறும் கையாண்டவர்களின் விரல்களைப் பற்றி இவ்விரு பெயர்களும் ஒன்றும் கூறவில்லை. படைவீரரின் பிடரி மருத்துவ இலக்கியத்தில் இடம்பெற்றது. குறியிட்ட கையின் அனுபவத்தைத் தேட வேண்டுமாயின் வட்டாரச் சொற்களிலும் வாய்மொழி வழக்குகளிலும்தான் தேட வேண்டும். சேங்கொட்டை பற்றி உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களையும் நம்பிக்கைகளையும் அறிந்தோர், அவை மறையுமுன் எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன்.