'நம்ம டீமுக்கு என்னதான் ஆச்சு?': சென்னை அணிகளின் ஏற்ற இறக்கமும், ரசிகர்கள் சொல்லும் 6 காரணங்களும்

ஒரு வருஷம் கோப்பை, அடுத்த வருஷம் கடைசி இடம். சென்னையைச் சொந்த ஊராகக் கொண்ட அணிகளைப் பின்தொடரும் ரசிகர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 8 புள்ளிகளுடன் பத்தாவது இடத்தில் முடித்தபோது, பழகிய ரசிகர்களே ஆடிப் போனார்கள். சிஎஸ்கே வரலாற்றில் கடைசி இடம் அதுதான் முதல்முறை.

தோற்ற மறுநாள் காலை டீக்கடையிலும், மின்சார ரயிலிலும், ஆபீஸ் கேன்டீனிலும் காரணங்கள் வரிசையாக வரும். 'கோச்ச மாத்தணும்', 'வயசானவங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றது', 'நம்ம ஊர் பசங்கள ஏன் எடுக்கல'. கிரிக்கெட்டில் சிஎஸ்கே, கால்பந்தில் சென்னையின் எஃப்சி, கபடியில் தமிழ் தலைவாஸ் என மூன்று அணிகளுக்கும் இதே பேச்சுதான். இந்தக் கருத்துகளில் எது சரி, எது வெறும் ஆதங்கம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மூன்று அணிகளின் கதை சுருக்கமாக

சிஎஸ்கே 2008-ல் தொடங்கியது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள். 2008, 2012, 2013, 2015, 2019 என ஐந்து முறை இறுதிப் போட்டியில் தோல்வி. 2013-ல் வெடித்த சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு அளித்த தீர்ப்பால் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் தடை. திரும்பி வந்த முதல் வருஷமே கோப்பை.

சென்னையின் எஃப்சி 2014-ல் உருவானது. 2015, 2017-18 என இரண்டு ஐஎஸ்எல் கோப்பைகள். 2018-19-ல் கடைசி இடம், 2019-20-ல் மீண்டும் இறுதிப் போட்டி. அதன்பிறகு அந்த உயரத்தை எட்டவில்லை. 2024-25 சீசனில் 11-வது இடம்.

தமிழ் தலைவாஸ் 2017-ல், புரோ கபடியின் ஐந்தாவது சீசனில் களமிறங்கியது. முதல் இரண்டு சீசன்களிலும் தன் பிரிவில் கடைசி. ஏழாவது சீசனில் 12 அணிகளில் 12-வது. எட்டாவது சீசனில் 11-வது. 2022-ல் நடந்த ஒன்பதாவது சீசனில்தான் முதல்முறையாக அரையிறுதி.

கருத்து 1: 'கோச்ச மாத்துனா எல்லாம் சரியாயிடும்'

பாதி உண்மை. இதற்கு ஆதாரமாக இரண்டு உதாரணங்களை ரசிகர்கள் சொல்ல முடியும். 2019 டிசம்பரில் ஜான் கிரிகரிக்குப் பதிலாக ஓவன் காயல் வந்தார். அப்போது தடுமாறிக்கொண்டிருந்த சென்னையின் எஃப்சி, நான்காவது இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் எஃப்சி கோவாவை வீழ்த்தி, இறுதிப் போட்டி வரை போனது. 2022-ல் தமிழ் தலைவாஸில் பாதி சீசனில் அஷன் குமார் பொறுப்பேற்றார். அணி அரையிறுதிக்குச் சென்றது.

ஆனால் எதிர் உதாரணமும் சென்னையிலேயே இருக்கிறது. சிஎஸ்கேவுக்கு 2009 முதல் ஸ்டீபன் ஃப்ளெமிங்தான் தலைமைப் பயிற்சியாளர். ஐந்து கோப்பையும் அவர் காலத்தில்தான் வந்தன. 2025-ன் கடைசி இடமும் அவர் காலத்தில்தான் வந்தது. சென்னையின் எஃப்சிக்கு 2018-ல் கோப்பை வாங்கிக் கொடுத்த கிரிகரிதான், அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே எடுத்த அணிக்கும் பயிற்சியாளர்.

ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பொதுவாகப் பயிற்சியாளரை மாற்றுவது அணி மிக மோசமாக ஆடும்போதுதான். அதற்கு மேல் கீழே போக இடம் குறைவு. காயம் பட்டவர்கள் திரும்புவார்கள், அதிர்ஷ்டமும் கொஞ்சம் மாறும். மாற்றத்தால் வந்த முன்னேற்றம் எது, எப்படியும் வந்திருக்கக்கூடிய முன்னேற்றம் எது என்று பிரிப்பது கஷ்டம்.

கருத்து 2: 'வயசான டீம், அதான் தோக்குது'

இந்தக் குற்றச்சாட்டு 2018-லேயே வந்தது. அந்த அணியை 'டாடிஸ் ஆர்மி' என்று கிண்டல் செய்தார்கள். அந்த அணிதான் கோப்பையை வென்றது. 2020-ல் ஏழாவது இடத்துக்குச் சரிந்து, முதல்முறையாக பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தபோது அதே விமர்சனம் மீண்டும் எழுந்தது. 2021 அக்டோபரில் துபாயில் கொல்கத்தாவை 27 ரன்னில் வீழ்த்தி அதே மூத்த வீரர்கள் கோப்பையைத் தூக்கினார்கள்.

ஆனால் அந்த வெற்றியில் ஒரு முக்கிய வித்தியாசம் இருந்தது. 2021-ல் 635 ரன் எடுத்து ஆரஞ்சு கேப் வாங்கியவர் இளம் வீரர் ருதுராஜ் கெய்க்வாட். 2020 சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களில் மூன்று அரைசதம் அடித்து வெளிச்சத்துக்கு வந்தவர் அவர். அதாவது, தோற்ற வருஷத்தில் விதைத்தது ஜெயித்த வருஷத்தில் முளைத்தது. 2025-ல் ருதுராஜ் முழங்கை காயத்தால் பாதியில் விலக, தோனி மீண்டும் கேப்டன் ஆனார். அந்தத் தோல்விகளுக்கு நடுவில்தான் ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் ப்ரெவிஸ் போன்ற இளம் வீரர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது.

வயது மட்டும் பிரச்னை அல்ல. மூத்தவர்கள் இடத்துக்கு அடுத்த ஆள் தயாராக இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

கருத்து 3: 'பணம் இருக்குல்ல, நல்ல பிளேயர வாங்க வேண்டியதுதானே'

ஐரோப்பிய கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆனால் ஐபிஎல்லில் எவ்வளவு பணக்கார உரிமையாளராக இருந்தாலும், வீரர்களுக்குச் செலவிட உச்சவரம்பு உண்டு. 2025 சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். சிஎஸ்கே ருதுராஜ், ஜடேஜா ஆகியோரை தலா 18 கோடிக்கும், பதிரனாவை 13 கோடிக்கும், ஷிவம் துபேவை 12 கோடிக்கும், தோனியை 4 கோடிக்கும் தக்கவைத்தது. அங்கேயே 65 கோடி காலி. மீதி 55 கோடியில் மொத்த அணியையும் கட்ட வேண்டும்.

மெகா ஏலம் வரும்போதெல்லாம் பெரும்பாலான வீரர்கள் கலைக்கப்படுகிறார்கள். ஜெயித்த அணியை அப்படியே வைத்துக்கொள்ள விதியே அனுமதிக்காது. எல்லா ஊருக்கும் கோப்பை வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வகையில், ஏற்ற இறக்கம் இந்த அமைப்பிலேயே ஊறிய விஷயம். 12 சீசன்களில் பிளே-ஆஃபுக்குப் போய், ஐந்து முறை ஜெயித்த சிஎஸ்கேவின் பழைய சாதனைதான் விதிவிலக்கு.

புரோ கபடியிலும் ஏலம்தான். 2022-ல் தலைவாஸ் அப்போதைய சாதனை விலையாக 2.26 கோடி ரூபாய் கொடுத்து பவன் செராவத்தை வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு அவர் வெளியேறினார். கதை முடிந்தது என்று நினைத்த நேரத்தில், அறிமுக வீரர் நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்து அணியை அரையிறுதிக்குத் தூக்கிச் சென்றார். அங்கே புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளி. பெரிய விலை கொடுத்த வீரர் இல்லாமல்தான் தலைவாஸுக்கு அதன் சிறந்த சீசன் அமைந்தது.

கருத்து 4: 'சேப்பாக்கத்துலயே தோத்தா எப்படி?'

இதுதான் ரசிகர்களை உண்மையில் உடைத்தது. 2025-ல் சேப்பாக்கத்தில் நடந்த ஆறு ஆட்டங்களில் மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மட்டுமே வெற்றி. அடுத்து ஐந்தும் தோல்வி. 2008-க்குப் பிறகு முதல்முறையாக பெங்களூரு அங்கே ஜெயித்தது. 2010-க்குப் பிறகு டெல்லி ஜெயித்தது. ஹைதராபாத் அங்கே சிஎஸ்கேவை வென்றது அதுவே முதல்முறை. கொல்கத்தாவுக்கு எதிராக 9 விக்கெட்டுக்கு 103 ரன், அந்த மைதானத்தில் சிஎஸ்கேவின் மிகக் குறைந்த ஸ்கோர்.

ஒரு காலத்தில் மெதுவான, சுழலுக்கு உதவும் சேப்பாக்கம் பிட்ச்சுக்கு ஏற்ற மாதிரியே அணி கட்டப்பட்டது. 160 அடித்துவிட்டு ஸ்பின்னர்களை வைத்து நெருக்குவது பழைய பாணி. டி20 ஆட்டம் மாறிவிட்டது. 'இம்பாக்ட் பிளேயர்' விதி வந்த பிறகு அணிகள் முதல் ஓவரிலிருந்தே அடிக்கின்றன. பிட்ச்சும் முன்போலக் கணிக்கும்படி இல்லை. சேப்பாக்கத்தில் சொந்த மண் சாதகம் என்று எதுவும் இல்லை என ஃப்ளெமிங்கே அந்த சீசனில் வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்களின் இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கருத்து 5: 'நம்ம ஊர் பசங்க ஏன் நம்ம டீம்ல இல்ல?'

பத்ரிநாத், முரளி விஜய், அஸ்வின், பாலாஜி எனத் தமிழக வீரர்கள் நிறைந்திருந்த சிஎஸ்கேவை ரசிகர்கள் மறக்கவில்லை. அதனால்தான் சாய் சுதர்சன் பேரைச் சொன்னாலே ஆதங்கம் வருகிறது. 2022 ஏலத்தில் குஜராத் டைட்டன்ஸ் அவரை வெறும் 20 லட்ச ரூபாய்க்கு வாங்கியது. 2023 இறுதிப் போட்டியில் சிஎஸ்கேவுக்கு எதிராகவே 47 பந்தில் 96 ரன் அடித்தார். 2025-ல் 759 ரன்னுடன் ஆரஞ்சு கேப்பும் அவருக்குத்தான். வருண் சக்கரவர்த்தி, நடராஜன், வாஷிங்டன் சுந்தர் எல்லோரும் வேறு வேறு நிறத்தில்தான் பெரிய பெயர் எடுத்தார்கள்.

ஏலத்தில் ஊர்ப்பாசத்துக்குத் தனி இடம் கிடையாது என்பது உண்மைதான். யார் வேண்டுமானாலும் விலை ஏற்றலாம். ஆனால் 20 லட்சத்துக்குக் கிடைத்த வீரரைத் தவறவிட்டதற்கு ஏலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. டிஎன்பிஎல் 2016 முதல் நடக்கிறது. திறமை கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது.

கபடியிலும் இதே ஏக்கம். தஞ்சாவூர் பக்கத்து மண்ணிலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் 2016-ல் கேப்டனாகக் கோப்பை வென்றது பாட்னா பைரேட்ஸ் அணிக்கு. அப்போது தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. கால்பந்தில் மட்டும் ஒரு ஆறுதல்: 2017-18-ல் சென்னையின் எஃப்சி கோப்பை வென்றபோது, வடசென்னையிலிருந்து வந்த தனபால் கணேஷ் அந்த அணியின் நடுக்களத்தில் இருந்தார்.

கருத்து 6: 'எல்லாம் லக்குங்க'

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கருத்து அல்ல இது. 2019 இறுதிப் போட்டி: மும்பை 149, சென்னை 148. ஒரு ரன்னில் கோப்பை போனது. 2023 இறுதிப் போட்டி: கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை. ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். கோப்பை வந்தது. இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று சோகக் கதை, இன்னொன்று வீரக் கதை.

2024-ல் பெங்களூருவுக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றாலும் 201 ரன் எடுத்திருந்தால் சிஎஸ்கே பிளே-ஆஃப் போயிருக்கும். எடுத்தது 191. இரு அணிகளுக்கும் 14 புள்ளிதான். ரன் ரேட்டில் பெங்களூரு உள்ளே போனது. 2015 ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில் 90-வது நிமிடம் நெருங்கும்வரை கோவா 2-1 என முன்னிலை. கோவா கோல்கீப்பரின் சுய கோலும், கூடுதல் நேரத்தில் மென்டோசா அடித்த கோலும் சென்னையை 3-2 எனச் சாம்பியன் ஆக்கின.

14 ஆட்டங்கள் கொண்ட குறுகிய லீக்கில் இரண்டு ஆட்டம் மாறினால் பட்டியலில் நாலைந்து இடம் மாறும். அதனால் ஒரு சீசனை மட்டும் வைத்து அணியைத் தீர்மானிக்கக் கூடாது. மூன்று, நான்கு சீசன்களின் போக்கைப் பார்த்தால்தான் படம் தெளியும். அப்படிப் பார்த்தால் சிஎஸ்கே 2024-ல் ஐந்தாவது, 2025-ல் பத்தாவது. இதை லக் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. அணி நிர்வாகமும் அப்படித் தள்ளிவிடவில்லை. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 கோப்பையின் கடைசிப் பந்தை அடித்தவரையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மாற்றம் தேவைப்பட்டிருக்கிறது.

தோத்தாலும் ஏன் போகிறார்கள்?

2018-ல் காவிரிப் போராட்டத்தால் சிஎஸ்கேவின் சொந்த மண் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் கிளம்பிப் போனார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையின் எஃப்சியின் சொந்த மண் அரையிறுதியும் அதே புனேவில்தான் நடந்தது. ஊர் தத்தளித்த நேரத்தில் வந்த அந்தக் கோப்பைக்கு ரசிகர்கள் மனதில் தனி இடம் உண்டு.

ஏலம், உரிமம், ஒளிபரப்பு ஒப்பந்தம் எல்லாம் ரசிகர் கையில் இல்லை. 2025 ஜூலையில் வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் சீசனே நிறுத்திவைக்கப்பட்டபோது, ரசிகர்களுக்குத் திட்டுவதற்குக்கூட ஆட்டம் இல்லாமல் போனது. தோற்கும் அணியைவிட, ஆடாத அணி வலி அதிகம் என்பது அப்போது புரிந்தது.

ஆக, கோச், வயசு, பணம், பிட்ச், ஊர்க்காரர், லக் என ஆறு காரணங்களிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எதுவும் தனியாக முழு உண்மை இல்லை. ஐபிஎல்லிலும் புரோ கபடியிலும் கடைசி இடம் பிடித்த அணி கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவதில்லை. அடுத்த சீசனில் எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடைசி இடத்திலிருந்து அடுத்த சீசனே இறுதிப் போட்டிக்குப் போன அணி சென்னையிலேயே இருக்கிறது. 'இந்த வருஷம் பாருங்க' என்று ரசிகர் சொல்வதற்கு அந்த ஒரு காரணம் போதும்.