வாசலில் வில்லோடு நிற்பவள்

ரொம்ப நாளா ஒரு அறிவியல் புனைகதை எழுதணும்னு ஆசை. பொட்டி தட்டுற நேரம் போக மிச்ச நேரத்துல ஒருவழியா எழுதியும் முடிச்சேன். கதை நடப்பது 2700ஆம் ஆண்டில். கடல் உள்ளே வந்து சென்னையெல்லாம் முழுகிப் போச்சு. மிஞ்சியிருப்பது எங்க ஊர் காஞ்சிபுரம். ஊரைச் சுற்றி மதில், நடுவில் கோயில், கோயிலைக் காக்க ஒரு பெண்கள் படை. சாமி மேல உயிரையே வைத்திருக்கும் பெண்கள். கையில் லேசர் வில். (சிரிக்காதீங்க மக்களே!)

நாயகி பேரு கொடி. அந்தப் பேருக்கு ஒரு காரணம் உண்டு. கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. உள்ளே நுழையுமுன் முன்னாடி வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள் இருக்கும். அதில் ஒன்றைக் கட்டியது ரங்கபதாகை என்ற அரசி. பதாகை என்றால் கொடி. பெண்களுக்கெல்லாம் கொடி போன்றவள் என்று அவள் பேரை வைத்தே கல்வெட்டில் விளையாடியிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அப்படியே சுட்டுட்டேன்.

கதையை மூணு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். அங்கே ஆரம்பிச்சது வினை.

முதல் ஆள், ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன். படிச்சிட்டு, "மச்சி, இது அப்படியே சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில்டா"ன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. அவன்தான் விளக்கினான். 1987ல் இங்கிலாந்தில் வந்த வார்ஹாமர் 40,000 என்ற விளையாட்டு. மேசை மேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடுவது. அதற்கென்று நாவல்களும் நிறைய உண்டு. அதில் பேரரசரையே கடவுளாகக் கும்பிடும் ஒரு பெண்கள் படை வருகிறது. அவர்கள் உருவான கதைதான் சுவாரசியம். வாண்டயர் என்ற கொடுங்கோலன் ஒருவன் அந்தப் பக்தைகளை ஏமாற்றித் தன் மெய்க்காவலர் ஆக்கிக்கொள்கிறான். உண்மை தெரிந்ததும் அவர்களே அவன் தலையை வெட்டுகிறார்கள். அதற்கப்புறம், மத பீடம் இனி 'ஆயுதம் ஏந்திய ஆண்களை' வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வருகிறது. "ஆண்கள்னுதானே சொன்னீங்க?" என்று பீடம் பெண்களை வைத்துப் படை நடத்துகிறது. நம்ம ஊர் வக்கீல் யாராவது உட்கார்ந்து யோசிச்ச மாதிரி இருக்கு, இல்லையா? :-)

இது போதாதென்று, ஃபிராங்க் ஹெர்பர்ட் 1981ல் எழுதிய 'காட் எம்பரர் ஆஃப் டூன்' நாவலையும் இழுத்தான். அதிலும் சக்கரவர்த்தியைத் தெய்வமாகவே நினைத்துக் காவல் காக்கும் பெண்கள் படை உண்டு. ஆக, என் லேசர் வில் கற்பனை வெள்ளைக்காரன் ஏற்கனவே போட்டு முடித்த கடை!

ரெண்டாவது ஆள் அத்தை. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றியே காலம் போனது அவங்களுக்கு. கல்கியில் ஆரம்பித்து மாத நாவல் வரைக்கும் எதையும் விட்டதில்லை. கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நம்ம சிவகாமியும் இப்படித்தானே? சபதம் போட்டவ அவ. வாதாபிக்குப் படையோட போனது மாமல்லன். கடைசில இவ நம்ம ஏகாம்பரநாதரைக் கட்டிக்கிட்டா. உன் கொடியாவது தானே போய்ச் சண்டை போடுறாளே, அதுவரைக்கும் சந்தோஷம்"னாங்க.

மூணாவது ஆள் தங்கச்சி. அவ சொன்னது ஒரே ஒரு வரி. "அண்ணா, இவ்ளோ பெரிய வீராங்கனைன்னு எழுதியிருக்க. ஆனா கதை முழுக்க அவ யார்கிட்டயும் ஒரு தடவைகூட முடியாதுன்னு சொல்லவே இல்லையே, ஏன்?"

பதில் சொல்ல முடியல. பக்தை, அதனால சொன்னதைச் செய்யறா... இப்படி ஏதோ உளறினேன். அவ எழுந்து போயிட்டா. அந்தக் கேள்வி மட்டும் போகல. சரி, நிஜ வரலாற்றில் பக்தியும் வாளும் சேர்ந்த பெண்கள் எப்படி இருந்தாங்கன்னு தேடிப் பார்ப்போமேன்னு கிளம்பினேன். இந்தப் பதிவு அந்தத் தேடல்தான்.

முதலில் போனது மாமல்லபுரம். பல்லவர் ஆட்சி செய்தது எங்க ஊரில் இருந்து, துறைமுகம் அங்கே. கூட்டமெல்லாம் அர்ச்சுனன் தபசு பக்கமும் கடற்கரைக் கோயில் பக்கமும் நிற்கும். குன்றின் மேற்குப் பக்கம் கோடிக்கல் மண்டபம் என்று ஒரு சின்னக் குடைவரை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கருவறை வாசலில் இரண்டு காவலர்கள். வழக்கமாகக் கதாயுதத்தோடு மிரட்டும் துவாரபாலகர்கள் இல்லை. இரண்டு பேரும் பெண்கள். ஒருத்தி கையில் வாளும் கேடயமும், இன்னொருத்தி கையில் வில். கருவறையில் இப்போது சிலை எதுவும் கிடையாது. காவலுக்கு நிற்பது பெண்கள் என்பதை வைத்துத்தான், இது கொற்றவைக்கு எடுத்த கோயில் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். உள்ளே இருந்த தெய்வத்துக்கு இன்று அந்த இரண்டு பேர்தான் சாட்சி.

அதே ஊரில் மகிஷாசுரமர்த்தினி குடைவரை உண்டு. சிங்கத்தின் மேல் ஏறி வில்லை வளைத்துப் பாய்ந்து வரும் துர்க்கையை எல்லோரும் பார்த்திருப்போம். அவள் படையில் குள்ளமான பூதகணங்கள் நிறைய. அவர்களுக்கு நடுவே வாளோடு ஒரு பெண்ணும் சண்டை போடுகிறாள். பத்துத் தடவை போயிருப்பேன், இந்தத் தடவைதான் அவளை ஒழுங்காப் பார்த்தேன். தெய்வத்தைச் செதுக்கியதோடு சிற்பி நிறுத்தியிருக்கலாம். தெய்வத்துக்குப் பக்கத்தில் சாதாரண ஒருத்தியையும் கையில் வாள் கொடுத்து நிறுத்தியிருக்கிறான்.

கல்லில் செதுக்கியது வெறும் கற்பனையா? கோயிலை விட்டு வெளியே வந்து தேடினால், அரண்மனைகளில் ஆயுதப் பெண்கள் நிஜமாகவே தென்படுகிறார்கள். அரசன் படுக்கையை விட்டு எழுந்ததும் வில்லேந்திய பெண்கள் கூட்டம் அவனைச் சூழ்ந்து காக்க வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். சந்திரகுப்த மௌரியர் காலத்தில் இங்கே வந்த மெகஸ்தனிஸ், அரசன் வேட்டைக்குப் போகும்போது ஆயுதம் தாங்கிய பெண்கள் தேரிலும் குதிரையிலும் யானையிலும் கூடப் போவார்கள் என்று எழுதியிருக்கிறார். நம்ம பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், போர்ப் பாசறையில் விளக்குகள் அணையாமல் பார்த்துக்கொள்ளும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் இடுப்புக் கச்சில் வாள் இருக்கிறது.

இதையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறைத்தது. கோடிக்கல் மண்டபத்தில் பெண்கள் நிற்பது ஒரு பெண் தெய்வத்தின் வாசலில். அர்த்தசாஸ்திரத்தில் நிற்பது அரசனின் படுக்கையறையில். முல்லைப்பாட்டில் இருப்பது பாசறையின் உள்வட்டத்தில். வார்ஹாமரிலோ, ஆண்கள் கூடாது என்று சட்டம் மூடிய இடத்தில். அதாவது, பெண் கைக்கு ஆயுதம் வந்த இடமெல்லாம் யாரோ ஒருவரின் உள்வாசல். நம்பிக்கையானவள், எதிர்த்துப் பேச மாட்டாள், அரியணைக்குப் போட்டிக்கு வரமாட்டாள் என்று யாரோ போட்ட கணக்கு பின்னாடி இருக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. என் கொடியும் அதே கணக்கில் பிறந்தவள்தான். தங்கச்சி பிடிச்ச தப்பு இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சுது.

ஆனா பக்தி என்றாலே அடங்கிப் போவதுதானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியை எடுத்துக்குங்க. மதுரைக்குப் போகும் வழியில் கண்ணகியும் கோவலனும் பாலை நிலத்துக் கொற்றவை கோயிலில் தங்குகிறார்கள். அங்கே சாலினி என்ற எயினர் குலப் பெண்ணுக்குச் சாமி வருகிறது. வந்ததும் அவள் என்ன செய்கிறாள்? தன் கூட்டத்து ஆண்களைத்தான் திட்டுகிறாள். பக்கத்து ஊர்களில் மாட்டு மந்தை பெருகிக் கிடக்கு, நம்ம ஊர் மன்றம் காலியாக் கிடக்கு, நீங்க வீரம் குறைஞ்சு அடங்கிப் போயிட்டீங்க என்கிறாள். சாதாரண நாளில் அவள் இப்படிப் பேசியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். சாமியின் பேரில் பேசியதால் கேட்டார்கள். பக்தி இங்கே அவளுக்கு ஒரு குரலைக் கொடுக்கிறது. (சொன்னது மாடு திருடப் போகச் சொல்லித்தான், அது வேற விஷயம்!)

ஆயிரம் வருஷத்துக்கு மேல் தள்ளி, பிரான்ஸில் இதே கதை. குரல்கள் கேட்கிறது, கடவுள் என்னைப் போருக்கு அனுப்புகிறார் என்று சொன்ன ஜோன் ஆஃப் ஆர்க்கை நம்பிப் படை பின்னால் போனது. 1431ல் எதிரிகளிடம் மாட்டி விசாரணை நடந்தபோது, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன் என்று நிபந்தனையில்லாமல் சத்தியம் செய்ய மறுத்தாள். கடவுள் எனக்குச் சொன்னதில் சிலதை உங்களிடம் சொல்ல மாட்டேன் என்றாள். எதிரில் இருந்தவர்கள் மதத்தையே கரைத்துக் குடித்தவர்கள். இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வயசு பத்தொன்பது இருக்கும். 1431 மே 30ல் ரூவான் நகரில் எரித்தார்கள். 1920ல் அதே திருச்சபை அவளைப் புனிதர் ஆக்கியது. அவள் முடியாது என்று சொன்னது பக்தியை விட்டுவிட்டு இல்லை. பக்தியின் பலத்தில்தான் சொன்னாள்.

இனி நம்ம வேலு நாச்சியார். 1772ல் காளையார்கோயிலில் கம்பெனிப் படை அவர் கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றது. மகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் சீமைக்குப் போய், ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, எட்டு வருஷம் காத்திருந்து 1780ல் சிவகங்கையை மீட்டார். 1796ல் இறந்தார். இவ்வளவும் வரலாறு. இதோடு ஒட்டி இரண்டு கதைகள் உண்டு. விஜயதசமி அன்று ராஜராஜேஸ்வரி கோயிலுக்குப் பெண்கள் கூட்டத்தோடு உள்ளே புகுந்து, உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்த குயிலி. ராணி போன வழியைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லி வெட்டுப்பட்ட உடையாள். கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலோடு உடையாளைச் சேர்த்துச் சொல்கிறார்கள். இவை வாய்மொழியாக வந்த கதைகள். கம்பெனிக் கடிதம் மாதிரி ஆதாரம் காட்ட முடியாது. வரலாறும் வாய்மொழியும் வேறு வேறு என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் மக்கள் எதைக் கதையாக்கி ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்க. உடையாள் கையில் வாளே இல்லை. அவள் செய்த ஒரே வீரம், சொல்ல மாட்டேன் என்றது. அதற்காகத்தான் அவளைச் சாமியோடு சேர்த்தார்கள்.

வேலு நாச்சியார் யார் வாசலையும் காக்க நிற்கவில்லை. வாசலே இடிந்து போன பிறகு வாளெடுத்தவர். என் நண்பன் சொன்ன சிஸ்டர்ஸ் கதையிலும் எனக்கு மனசில் நின்றது அந்தச் சட்ட ஓட்டை இல்லை. யாருக்குக் காவல் நின்றார்களோ அவன் பக்கமே வாளைத் திருப்பிய அந்த இடம்தான். எனக்குத் தோன்றுவது இதுதான்: பக்தி ஒரு பெண்ணின் கையில் ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறது, அதே பக்தி கையைக் கட்டியும் போட்டிருக்கிறது. இரண்டில் எது நடந்தது என்பது, யாரோ வந்து சாமி பேரைச் சொல்லி ஒரு தப்பான வேலையைச் செய்யச் சொல்லும்போதுதான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு கோடிக்கல் மண்டபம் போனேன். வில்லோடு நிற்பவளை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இவ யாரை உள்ள விட மாட்டா?"ன்னு கேட்டா. யாராயிருந்தாலும்னு சொன்னேன். "ராஜா வந்தா?"ன்னா. பதில் சொல்லல. ஆனா கதையில் என்ன மாத்தணும்னு அந்த நிமிஷம் தெரிஞ்சு போச்சு.

புதுக் கதையில் கொடி கோயில் வாசலில் நிற்கிறாள். கதவைத் திறக்கச் சொல்லி வருபவர், அவளுக்கு வில்லைக் கொடுத்த அதே ஆள். அதுக்கு மேல இன்னும் எழுத வரல. அத்தை வேற, தார் சுத்திக்கிட்டே "முடிச்சியாடா?"ன்னு தினம் போன்ல கேட்கிறாங்க.

டிஸ்கி: லேசர் வில் மட்டும் அப்படியே இருக்கும். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கப்படாது. :-)