கோஷவாங்க்: நீதிநூல் ஆசிரியரின் மடம்

ஆர்மீனியாவின் வடகிழக்கே, தவுஷ் மாகாணத்தின் காடடர்ந்த மலைகளுக்கிடையே இருக்கும் சிற்றூர் கோஷ். தலைநகர் எரெவானிலிருந்து செவான் ஏரி வழியாகத் தில்ஜான் நகரத்துக்கு வந்து, இஜெவான் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போய்க் கிளைச்சாலையில் திரும்பினால் ஊர் வந்துவிடும். இங்குள்ள இடைக்கால மடத்தின் பெயர் கோஷவாங்க். ஆர்மீனிய மடங்கள் பலவும் மலை விளிம்பிலோ, ஆளரவமற்ற பள்ளத்தாக்கிலோ ஒதுங்கி நிற்பவை. இதுவோ சுற்றுமதில்கூட இல்லாமல் வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது.

ஊருக்கும் மடத்துக்கும் பெயர் தந்தவர் மிகிதார் கோஷ் என்ற துறவி. கேத்திக் என்னும் பழைய மடம் நிலநடுக்கத்தில் இடிந்துபோனதால், இளவரசர் இவானே சகாரியானின் ஆதரவோடு 1188இல் அவர் இங்கே புதிய மடத்தை நிறுவினார். அதன் முதற்பெயர் நோர் கேத்திக், அதாவது புதிய கேத்திக். கன்னி மரியாளுக்கான முதன்மைத் தேவாலயம் 1191 முதல் 1196 வரை கட்டப்பட்டது. ‘கவித்’ எனப்படும் முன்மண்டபம் அதையடுத்து எழுந்தது. கோஷ் 1213இல் மறைந்த பிறகு மடம் அவர் பெயராலேயே அறியப்படலாயிற்று.

மிகிதார் கோஷின் பெரும்பணி கட்டடமன்று, ‘ததஸ்தனாகிர்க்’ என்ற நீதிநூல். 1184இல் அவர் இதைத் தொகுக்கத் தொடங்கினார். அப்போது ஆர்மீனியருக்கென்று எழுதிவைத்த பொதுச்சட்டம் இல்லை. வழக்கு வந்தால் மக்கள் வேற்று மதத்தாரின் நீதிமன்றங்களை நாட வேண்டியிருந்தது. விவிலியச் சட்டம், திருச்சபை விதிகள், ஊர்வழக்கம் ஆகிய மூன்றையும் கோஷ் ஒன்றுசேர்த்தார். மனிதர் பிறப்பால் சுதந்திரமானவர், நிலத்துக்கும் நீருக்குமான தேவையே அவரைப் பிறருக்கு அடங்கி வாழ வைத்தது என்ற கருத்தும் அந்நூலில் உண்டு. நிலப்பிரபுக்கள் ஆண்ட 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி இதைச் சட்டநூலிலேயே எழுதிவைத்தது பெருந்துணிவு.

அந்த நூல் நெடுந்தூரம் பயணித்தது. சிலிசிய ஆர்மீனிய அரசில் தளபதி சிம்பத், 1265 வாக்கில் தாம் எழுதிய சட்டத்தொகுப்புக்கு அதையே அடிப்படையாகக் கொண்டார். அன்று போலந்து அரசின் கீழிருந்த லிவிவ் நகர ஆர்மீனியருக்காக அதன் லத்தீன் வடிவத்துக்கு 1519இல் மன்னர் முதலாம் சிகிஸ்முண்ட் ஏற்பளித்தார். புலம்பெயர்ந்த ஆர்மீனியரின் சட்டச் சிந்தனை சென்னை வரைக்கும் நீண்டது. விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கென ஷஹாமிர் ஷஹாமிரியன் என்ற வணிகர் வகுத்த அரசியல் சட்ட வரைவு, 1773ஆம் ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் தாங்கி மதராஸில்தான் அச்சானது.

மடத்தில் எல்லாரும் முதலில் தேவாலயத்துக்குள்தான் நுழைகிறார்கள். ஆனால் நூலகக் கட்டடத்துக்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். சுவர்களில் சுவடி வைக்கும் மாடங்கள் குடையப்பட்டுள்ளன. 1291இல் இதன் மேலேயே மணிக்கூண்டுடன் கூடிய தேவாலயத்தை எழுப்பினார்கள். மேலே ஏறச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் கற்படிகள். கீழே ஏடுகள், மேலே மணி: கோஷவாங்க் பள்ளியாகவும் மடமாகவும் இருந்ததை இந்த ஒரு கட்டடமே காட்டிவிடும்.

அதே 1291இல் போகோஸ் என்ற சிற்பி செதுக்கிய சிலுவைக்கல்லை ஆர்மீனியக் கற்சிற்பத்தின் சிகரங்களில் ஒன்றாகக் கொள்வார்கள். ஆர்மீனியர் இவ்வகைக் கற்களைக் ‘கச்கார்’ என்கிறார்கள். ஊசியால் பின்னிய பூவேலை போல, அடுக்கடுக்கான துளைகளாகக் கல் மெலிந்திருக்கிறது. நடுச்சிலுவையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சதுரத்திலும் வேறுவேறு கோலம். உளி சற்று விலகியிருந்தாலும் மொத்தமும் பாழாகியிருக்கும். காலைச் சாய்வெயிலில் பார்த்தால் அடுக்குகளின் ஆழம் துலங்கும். போகோஸின் இன்னொரு சிலுவைக்கல் எரெவானிலுள்ள ஆர்மீனிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயலுமானால் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கோஷின் சிலை மடத்தருகே நிற்கிறது. அவரது கல்லறைச் சிற்றாலயம் சற்று விலகியிருப்பதால் பலர் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். நடக்கத் தெம்புள்ளவர்கள் காரில் ஊர்வரை வர வேண்டியதில்லை. தில்ஜான் தேசியப் பூங்காவின் பார்ஸ் ஏரியில் தொடங்கும் காட்டுப்பாதை, சின்னஞ்சிறு கோஷ் ஏரியைத் தொட்டு இந்த ஊருக்கு வந்து சேர்கிறது.