பைன் காட்டுக்குக் கீழே வற்றும் பீலி: ஊவாவில் வனப் பராமரிப்பும் காலநிலை மாற்றமும்

ஆனி பிறந்தால் பதுளைப் பக்கம் காற்றின் குணமே மாறிவிடும். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் ஹட்டன், நுவரெலியாச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி வறண்ட கச்சானாக ஊவா வடிநிலத்தில் இறங்குகிறது. ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் இந்தக் காற்றுப் பட்ட கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய குளிர்ந்த வாசனை ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி மதிப்புண்டு. அதே காற்றில்தான் எல்ல, ஹாலிஎல, ஹப்புத்தளை மலைகளில் தீ ஏறுகிறது.

இந்தப் பருவ ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். சித்திரையில் இடைப்பருவ மழை கொஞ்சம் பெய்தாலும், ஊவாவின் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீள்வது. ஆடி, ஆவணி வறட்சிக் காலம். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி, காய்ந்த காற்று, செங்குத்தான மலை என்று பார்த்தால், இந்த மாகாணத்தின் காடுகளை சிங்கராஜா மழைக்காட்டோடு ஒப்பிடுவதைவிட சைப்பிரஸ், சார்டினியா, கோர்சிகா போன்ற மத்தியதரைக்கடல் தீவுகளின் காடுகளோடு ஒப்பிடுவது பொருத்தம். அந்தத் தீவுகளுக்கு 2021 கொடிய ஆண்டு. ஜூலைத் தொடக்கத்தில் சைப்பிரசின் அரகபாஸ் பகுதியில் ஏறத்தாழ 55 சதுர கிலோமீற்றர் எரிந்தது; எகிப்திலிருந்து கூலி வேலைக்கு வந்திருந்த நான்கு பேர் மாண்டார்கள். அம்மாதக் கடைசியில் சார்டினியாவின் மொந்திஃபெர்ரு மலைப்பகுதி எரிந்தது. ஓகஸ்டில் கிரேக்கத்தின் எவியா தீவில் சுமார் 50,000 ஹெக்டேயர் கருகியது. வடக்கு எவியாவில் பைன் பால், அதாவது பிசின், எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே வாரத்தில் தொழிலை இழந்தன. காட்டுக்குள் நாள்தோறும் நடமாடி, பாதைகளைத் துப்புரவாக வைத்திருந்தவர்களும் அவர்களே.

அங்கே கற்றுக்கொண்ட பாடம் இரண்டு. காட்டின் பரப்பைக் கூட்டுவதைவிட, எந்தச் சரிவில் எந்த மரம் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்பதைச் சீர்படுத்துவது முதன்மையானது. காட்டோரத்தில் குடியிருப்பவர்களைப் பங்காளிகளாக்காத எந்தத் திட்டமும் தீயின் முன்னால் நிற்காது. இவ்விரண்டையும் ஊவா இன்னும் முறையாகக் கைக்கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊவாவில் காடழிந்த கதை ஊரறிந்தது. கோப்பிக்காக வெட்டினார்கள், 1869இல் இலைநோய் வந்து கோப்பி மடிந்தபின் தேயிலைக்காக வெட்டினார்கள். 1873இலேயே தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக்கூடாது என்று குடியேற்ற ஆட்சிக்கு எடுத்துச் சொன்னார். 1882இல் வின்சென்ட் என்ற வன அதிகாரி இலங்கைக் காடுகளின் நிலைபற்றி விரிவான அறிக்கை கொடுத்தார். ஆனாலும் ரயில் பாதை 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தபோது, மிஞ்சிய காடு மலைமுகடுகளில் துண்டுதுண்டாகவே கிடந்தது. ஹப்புத்தளையில் அடிசம் பங்களாவை ஒட்டிய தங்கமலை அத்தகைய துண்டு. 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சிறு காட்டைப் பார்த்தால், சுற்றியுள்ள தேயிலை மலைகள் எல்லாம் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

எல்லா மலையும் காடாக இருந்ததில்லை. ஊவாவின் பெரும்பரப்பு பத்தனை என்னும் புல்வெளி. ஆளுயர மானாப்புல், இடையிடையே நெல்லி, கடுக்காய், தான்றி. இந்தப் புல்வெளிகள் இயற்கையாய் அமைந்தவையா, சேனைக்காகக் காட்டை எரித்து எரித்து உண்டானவையா என்ற விவாதத்துக்கு ஒரு நூற்றாண்டு வயது தாண்டிவிட்டது. தாவரவியலாளர் பியர்சன் 1899இல் பத்தனைகளின் தாவரவியலை எழுதினார். 1951இல் வன அதிகாரி ஹோம்ஸ் அதே கேள்விக்குத் திரும்பினார். விடை எதுவானாலும், இன்றைய பத்தனைக்கு நெருப்பு புதிதல்ல. தடித்த பட்டையும் மறுபடி துளிர்க்கும் வேரும் உள்ள மரங்களே அங்கே தங்கியிருக்கின்றன. மொனராகலை மாவட்டத்தின் நில்கல புல்மரக்காட்டில் நெல்லியும் கடுக்காயும் தான்றியும் தீயைத் தாங்கி நின்று, இன்றும் நாட்டு வைத்தியத்துக்குக் காய் கொடுக்கின்றன.

1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தப் பத்தனைகளின் மீதுதான் கரீபியன் பைன் நடப்பட்டது. மண்ணரிப்பைத் தடுப்பதும் நீரேந்துப் பகுதியைக் காப்பதும் நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை; வெறும் சரளை மேட்டில் வேறெந்த மரம் அவ்வளவு சீக்கிரம் பிடித்திருக்கும்? ஆனால் நட்டபின் செய்யவேண்டிய வேலை நடக்கவில்லை. பண்டாரவளை, தெமோதரைப் பக்கம் ஒரு பைன் தோப்புக்குள் ஆவணியில் நுழைந்தால் நிலைமை விளங்கும். காலடியில் பழுப்பு ஊசியிலைகள் கணுக்கால் ஆழத்துக்கு மெத்தை போல, மிதித்தால் வழுக்கும். பால் எடுக்கக் கீறிய அடிமரத்தில் பிசின் கட்டியாக வழிந்து உறைந்திருக்கும். இலையும் பிசினும் இரண்டுமே எரிபொருள். ஒரு தீக்குச்சி போதும், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஊவாக் காட்டுத்தீ ஏறக்குறைய முழுவதும் மனிதக் கையால் மூளுவது. இளம்புல் துளிர்க்க வேண்டி மாட்டுக்காரர் வைப்பதும் உண்டு, வேட்டைக்கு வைப்பதும் உண்டு, அணைக்காமல் எறிந்த பீடியும் உண்டு. தீ மேலேறி வரும்போது கையில் கிடைத்த பச்சைக் கிளையை ஒடித்து அடித்து அணைக்க ஓடுகிறவர்களில் பக்கத்து லயத்துச் சனமும் உண்டு. அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, காப்புறுதியும் இல்லை.

நீர்க் கணக்கும் பைனுக்குச் சாதகமாக இல்லை. உலகெங்கும் நடந்த 94 நீரேந்துப் பரிசோதனைகளை 1982இல் தொகுத்த பொஷ், ஹியூலெட் இருவரும், ஒரு நீரேந்துப் பகுதியில் பைன் அல்லது யூக்கலிப்டஸ் பரப்பு 10 வீதம் கூடினால் ஆண்டு நீரோட்டம் சராசரியாக 40 மில்லிமீற்றர் குறையும் என்று கணக்கிட்டார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று நீலகிரியில் இருக்கிறது. உதகமண்டலத்துக்கு அருகே கிளென்மார்கனில் புல்வெளியும் சோலையுமாயிருந்த நீரேந்துப் பகுதியின் 59 வீதத்தில் யூக்கலிப்டஸ் நட்டுப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர் 16 வீதம் குறைந்தது. வறட்சிக் காலத்து ஓட்டமும் தேய்ந்தது. நீலகிரிச் சரிவும் ஊவாச் சரிவும் ஒன்றல்ல என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானது, ஊவாவிலேயே அளக்க வேண்டியது கடமை. ஆனால் புல்லைவிட ஆழமாக வேரோடி, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரம் கூடுதல் நீரை உறிஞ்சும் என்ற அடிப்படை எந்த மலைக்கும் பொருந்தும். ஆடி மாதத்தில் தோட்டத்துப் பீலியில் தண்ணீர் நூல்போல் இறங்க, குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்களுக்கு இது வெறும் புள்ளிவிவரமல்ல. மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கியபின் அவர்கள் செலவழிக்கும் நேரம் அது.

பைனையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிடலாமா? கூடாது. ஒரேயடியாக வெட்டினால் ஐப்பசி மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். இலங்கையிலேயே இதற்கு நல்ல வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. சிங்கராஜாவின் எல்லைப்புறப் பைன் தோப்பில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்ரி குணதிலக்க ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் சேர்ந்து, பைனைச் செவிலித்தாயாக வைத்து மழைக்காட்டு மரங்களை வளர்த்துப் பார்த்தார்கள். 1997இல் வெளியான அவர்களது முடிவின்படி, மூன்று வரிசைப் பைனை அகற்றித் திறந்த இடைவெளிகளில் கன்றுகள் மிக நன்றாக வளர்ந்தன. வெயிலின் கடுமையைப் பைன் தணித்தது. இடைவெளி வேண்டிய ஒளியைத் தந்தது.

சிங்கராஜாவின் மர வகைகளை அப்படியே ஊவாவுக்குக் கொண்டுவருவது பிழை. கச்சான் காற்றில் அவை கருகும். கொண்டுவரவேண்டியது அந்த முறைமை. முதலில் ஊற்றுக்கண்களுக்கு மேலுள்ள பைன் வரிசைகளைத் திறந்து, ஈரமுள்ள மடிப்புகளில் நாவல் இனங்களையும், முகட்டுக்காட்டின் ஓரங்களில் கீனா போன்ற மலைமரங்களையும், வறண்ட முதுகுகளில் தீத்தாங்கும் நெல்லி, கடுக்காய், தான்றியையும் வைக்கலாம். விதைக்குத் தங்கமலையும் நமுனுகலைச் சரிவுகளில் எஞ்சிய காடுகளும் இருக்கின்றன. பத்தனையாகவே நிற்கும் நிலத்தைப் பத்தனையாகவே விடவேண்டும். மரம் நடும் இலக்கை நிரப்பப் புல்வெளியைத் தேடிப்போவது நீரையும் கெடுக்கும், தீயையும் வளர்க்கும்.

தோட்டங்களின் சொந்த மரங்களும் இந்தக் கணக்கில் சேரவேண்டும். ஸ்டோரில் ஒரு கிலோ தேயிலை காய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு போகிறது. இதற்காகத் தோட்டங்கள் யூக்கலிப்டஸ், அதாவது தோட்டத்தார் டர்பன்டைன் என்று சொல்லும் மரத்தை ஓடையோரங்களிலும் வளர்க்கின்றன. ஓடைக்கரையிலிருந்து அதை விலக்கி, காய்ந்த மேட்டில் கிளிரிசிடியாவோடு வைத்தால் விறகும் கிடைக்கும், ஊற்றும் தப்பும். இதைக் கம்பனிகள் சொந்தச் செலவில் செய்யுமா என்பது வேறு கேள்வி. 1992இல் தோட்டங்களை ஏற்ற பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகை 53 ஆண்டுகள், 2045இல் முடிகிறது. முப்பது வருடத்தில் பலன் தரும் மரத்தை நட, குத்தகை முடிவை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு மனம் வராது.

இனி மக்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகளைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. அவ்வளவு ஆழமான சரிவை மரவேர் தடுத்திருக்கும் என்று சொல்வது அறிவியலாகாது. வேர் பிடிப்பது மேல்மண்ணின் சிறு சரிவுகளைத்தான். அங்கே தேவைப்பட்டது பாதுகாப்பான காணி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, கண்டி, நுவரெலியாவோடு பதுளை மாவட்டமும் மண்சரிவால் கடுமையாக அடிபட்டது. ஒரே மலையில் ஆவணியில் தீயும் கார்த்திகையில் பெருவெள்ளமும் வருவதுதான் காலநிலை மாற்றத்தின் ஊவா முகம். தீயில் மொட்டையான சரிவில் விழும் முதல் கனமழைதான் அதிக மண்ணை எடுத்துச் செல்லும். ஆகவே தீத்தடுப்பு என்பது பாதி மண்சரிவுத் தடுப்பும்கூட.

அந்தத் தடுப்பைச் செய்யக்கூடியவர் யார்? வன இலாகாவின் கிராமிய வனத் திட்டங்கள் கிராமச் சங்கங்களை நம்பி அமைந்தவை. தோட்டத்துக் குடும்பமோ கம்பனிக் குத்தகை நிலத்தில், காணி உறுதி இல்லாமல், லயன் காம்பராவில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, உள்ளூராட்சிப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்கே தடையாக நின்றது. இப்படி எல்லாப் பதிவேட்டுக்கும் வெளியே வைக்கப்பட்டவர்களிடம் காட்டைக் காத்துத் தரச்சொல்வது அநியாயம். சைப்பிரசில் பிரித்தானிய வன அதிகாரிகள் ஆட்டிடையரைக் குற்றவாளிகளாகவே நடத்தியபோது காடு எரிந்துகொண்டிருந்தது. 1913இன் ஆட்டுச் சட்டம், ஆட்டை விலக்குவதா இல்லையா என்று கிராமத்தாரே வாக்களித்து முடிவெடுக்க வைத்தபின்தான் காரியம் நகரத் தொடங்கியது. ஊவாவில் காட்டோரத் தோட்டங்கள் ஒவ்வொன்றிலும் கூலி கொடுத்து, பயிற்சியும் காப்புறுதியும் தந்து தீக்காவல் அணி அமைப்பதும், பைன் தோப்பைத் திறக்கும் வேலையிலும் அதன் மரம், பால், விறகு வருமானத்திலும் அந்தக் குடும்பங்களுக்கு எழுத்தில் பங்கு கொடுப்பதும் பெரிய செலவல்ல. ஊசியிலையை வாரித் தீக்கோடு வெட்டும் வேலை சித்திரை மழை முடிந்து கச்சான் தொடங்குமுன், வைகாசியிலேயே முடியவேண்டியது.

2045இல் குத்தகைகள் முடியும்போது, இந்த ஆண்டு நடும் நாவலும் நெல்லியும் காய்க்கும் பருவத்தில் இருக்கும். அந்த மரங்கள் யாருக்கு உரியவை, அவற்றின் கீழே ஊறும் நீர் எந்தப் பீலிக்குப் போகும் என்பதை, குத்தகை நீடிப்புப் பேச்சுத் தொடங்குமுன்னரே ஊவா மாகாண சபையும் வன இலாகாவும் தோட்ட மக்களோடு உட்கார்ந்து எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.