சேசிஸ் ஒன்று, எஞ்சின் வேறு

பழைய ஆர்.சி. புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். வண்டியின் நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை, எரிபொருள் எல்லாம் எழுதியிருக்கும். நடுவே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சேசிஸ் எண், மற்றது எஞ்சின் எண். இந்த இரண்டும் பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். ஆனால் நம் நாட்டில் எத்தனையோ வண்டிகளில் இந்த ஜோடி பிரிந்து, வேறு எஞ்சின் வந்து குடியேறியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

சேசிஸ் என்பது பிரெஞ்சுச் சொல். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், ஜன்னலின் சட்டத்தையும் இதே சொல்லால் அழைப்பார்கள் என்பது எனக்குப் பள்ளியிலேயே தெரியும். கராஜ் பிரெஞ்சு. கார்புரேட்டரும் பிரெஞ்சு வழி வந்ததே. ஷோஃபர் என்றால் நெருப்பு மூட்டுபவன் என்று பொருள். நீராவி வண்டிக் காலத்தில் ஓட்டுநரின் முதல் வேலை அதுதான். மோட்டார் உலகத்துக்குப் பாதி அகராதியைக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நமக்கு மோட்டார் வந்ததோ ஆங்கிலேயர் வழியாக. அதனால் நம் எஞ்சின் கதையும் இங்கிலாந்தில்தான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஏ.சி. என்ற சிறிய நிறுவனம் 'ஏஸ்' என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு பிரிஸ்டல் நிறுவனத்தின் 2 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சின் வந்துகொண்டிருந்தது. அந்த எஞ்சினை பிரிஸ்டல் நிறுத்தப் போகிறது என்ற செய்தி வந்ததும் ஏ.சி. தவித்தது. அப்போது அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த பந்தய ஓட்டுநர் கேரல் ஷெல்பி, உங்கள் காரில் எங்கள் ஊர் வி-8 எஞ்சினை வைக்கலாமே என்று கேட்டார். ஃபோர்டு எஞ்சின் கொடுத்தது. 1962-ல் 'கோப்ரா' பிறந்தது. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது என்பதால் பின் அச்சையும் உறுதியானதாக மாற்றினார்கள். வீட்டு ஷெட்டில் எஞ்சின் மாற்றுகிற உலகத்தின் அத்தனை பேருக்கும் இன்றுவரை அந்தக் கார்தான் குலதெய்வம்.

அங்கே எஞ்சினை மாற்றியது வேகத்துக்காக. இங்கே மாற்றியது பெரும்பாலும் வேறு வழி இல்லாததால்.

நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம் சென்னைக்கு வெளியே வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. வெள்ளைக்காரர்களும் ஜமீன்தார்களும் விட்டுச் சென்ற எம்.ஜி., ஆஸ்டின், மோரிஸ் வண்டிகள் ஊருக்கு ஒன்றிரண்டு நின்றன. அவற்றின் எஞ்சின் தேய்ந்துபோனால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? கிடைத்தது அம்பாசிடர் எஞ்சினும் ஜீப் எஞ்சினும்தான். பழைய கார்களில் அவற்றை ஏற்றி ஓட்டியது நாடு முழுவதும் இருந்த வழக்கம். இன்று பழங்கார் கண்காட்சிகளில் நடுவர்கள் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது இந்த வண்டியோடு பிறந்த எஞ்சின் இல்லையே என்று மதிப்பெண்ணைக் குறைப்பது அதனால்தான்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1955-ல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதன் எஞ்சின் 1489 சி.சி. நம் அம்பாசிடரில் 1950-களின் இறுதியில் வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பெட்ரோல் எஞ்சினும் 1489 சி.சி. இரண்டும் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' என்ற ஒரே குடும்பம். எம்.ஜி.யில் இரண்டு கார்புரேட்டர், கூடுதல் அழுத்தம், சுமார் 70 குதிரைத்திறன். அம்பாசிடரில் ஒரே கார்புரேட்டர், சுமார் 50 குதிரைத்திறன். நம் தாசில்தாரையும் கலெக்டரையும் கிராமம் கிராமமாகச் சுமந்த அந்தக் குண்டு வண்டிக்குள் இருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு! எஞ்சின் கெட்டுப்போன எம்.ஜி.ஏ.வை இந்தியாவில் வைத்திருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹெரால்டுக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது. அந்தக் காலத்தில் மற்ற சிறிய கார்கள் உடலும் சட்டமும் ஒன்றாக வந்துகொண்டிருக்க, ஹெரால்டு மட்டும் லாரி போலத் தனிச் சேசிஸில் உட்கார்ந்திருந்தது. அதே சேசிஸைக் குறுக்கி இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. நம் ஹெரால்டு 948 சி.சி., ஸ்பிட்ஃபயர் 1147 சி.சி. அதே குடும்பத்துச் சேசிஸில் 6 சிலிண்டர் எஞ்சினையும் வைத்து அவர்கள் விற்றார்கள். ஹெரால்டின் பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். எஞ்சின் முழுதும் வெளியே தெரியும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். எஞ்சின் மாற்ற ஆசைப்படுகிறவனுக்கென்றே செய்தது போன்ற வண்டி அது.

மாற்றுவது என்றால் என்ன வேலை? இறக்குவது சுலபம். மூன்று கால் நட்டு, செயின் பிளாக் மாட்டி, நாலு போல்ட்டைக் கழற்றினால் எஞ்சின் தொங்கும். முக்காலி இல்லாத இடத்தில் வேப்பமரக் கிளை. ஏற்றுவதில்தான் வித்தை. புது எஞ்சினின் பின்பக்கமும் பழைய கியர் பெட்டியின் முன்பக்கமும் பொருந்தாது. நடுவே ஒரு கனத்த இரும்புத் தட்டு கடைந்து வைக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பெட்டித் தண்டின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்ச் அதிரும், பேரிங் தேயும். பிறகு எஞ்சின் உட்காரும் தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்டின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ரேடியேட்டர் போதுமா என்று பார்க்க வேண்டும். எடை கூடினால் முன் ஸ்பிரிங் தாழும், பிரேக் பிடிக்காது. இத்தனையையும் வரைபடம் இல்லாமல், லேத் பட்டறையில் ஸ்கேலும் காலிப்பரும் வைத்துக்கொண்டு செய்தவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். பொறியியல் கல்லூரி வாசலை அவர்கள் மிதித்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது எஞ்சினை மாற்றாமல் அதன் தீனியை மாற்றினார்கள். அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1920-களில் விறகிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கலத்தை மேம்படுத்தினார். போர்க்காலத்தில் அந்த வகைக் கலங்கள் உலகமெங்கும் பரவின. இங்கே டி.வி.எஸ். நிறுவனம் கரி வாயுக் கலம் செய்து பஸ்களில் பொருத்தியது. பின்னால் கரி அடுப்போடு போன அந்த பஸ்ஸைப் பற்றி நம் அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருப்போம்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏற, டீசல் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. அப்போதுதான் எஞ்சின் மாற்றம் என்பது ஆசையிலிருந்து பிழைப்புக்கு இறங்கியது. டாக்சிக்காரர்கள் அம்பாசிடரிலும், ஜீப் வைத்திருந்தவர்கள் ஜீப்பிலும் டீசல் எஞ்சின் ஏற்றினார்கள். டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகம், ஆகவே வார்ப்பு கனம், எடை கூடுதல், சுற்று குறைவு. வண்டி உதறும், வேகம் குறையும். ஆனால் மாதக் கடைசியில் கையில் பணம் மிஞ்சும். கம்பெனிகள் பின்னால் வந்தன. 1980-ஐ ஒட்டி டீசல் அம்பாசிடர் வந்தது. மகிந்திரா ஜீப்புக்கு பிரான்சின் பெஜோ நிறுவனத்தின் டீசல் எஞ்சின் உரிமம் பெற்று வந்தது. நம் மாவட்டம் 1974-ல் உருவான பிறகு, அரசு அலுவலக வாசல்களில் பெட்ரோல் ஜீப்புகள் மறைந்து டீசல் ஜீப்புகள் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். அந்த உறுமல் பாதி பிரெஞ்சு உறுமல் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

திருவொற்றியூரில் செய்த புல்லட்டும் தப்பவில்லை. தண்ணீர் இறைக்கவும் ஜெனரேட்டர் சுற்றவும் வந்த கிரீவ்ஸ் லொம்பார்டினி டீசல் எஞ்சினைப் பட்டறைகளில் புல்லட்டில் ஏற்றினார்கள். பிறகு என்ஃபீல்டு நிறுவனமே 'டாரஸ்' என்ற பெயரில் டீசல் புல்லட்டை விற்றது. 325 சி.சி., 6.5 குதிரைத்திறன். சைக்கிளில் போகிறவர் முந்திவிடுவார் என்று கேலி செய்தாலும் லிட்டருக்கு அது கொடுத்த தூரத்தை வேறு எந்த புல்லட்டும் கொடுக்கவில்லை.

இனி வேகத்துக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வைத்திருந்த பெரும் பணக்காரர் ஒருபுறம். மறுபுறம், இரும்புக் குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்து, உள்நாட்டுக் காரின் எஞ்சினை அதில் வைத்து எடுத்து வந்தவர்கள். வேகம் வேண்டும், ஆனால் கிடைப்பது குடும்பக் காரின் எஞ்சின்தான். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இவர்களுடைய திறமை இருந்தது.

அந்த வரிசையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கோவை எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர். 1983 இறுதியில் மாருதி 800 வந்ததும் நாம் அதைப் பார்த்து, சிறிய கார், நாலு பேர் போகலாம் என்று எண்ணினோம். அவர் எஞ்சினைப் பார்த்தார். 796 சி.சி., 3 சிலிண்டர், எடை குறைவு, எங்கும் உதிரிபாகம் கிடைக்கும், விலையும் தாங்கும். மாருதியில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கட்டாக முன் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும். அந்தக் கட்டை அப்படியே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின் சக்கரங்கள் சுழலும், ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் தயார். 1980-களின் பிற்பகுதியில் இப்படி உருவானதுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்பதால் பணத்தைவிடத் திறமை முன்னால் வந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்தபோது ஓடுவதற்குக் கார்கள் தயாராக இருந்தன. கோவையின் நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்க்கையை ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் காலமாகிவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று ஓர் இளைஞன் தன் காரில் வேறு எஞ்சினை வைத்துச் சாலையில் ஓட்ட முடியுமா? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, 2000-ல் திருத்தப்பட்ட பிறகு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. கெட்டுப்போன எஞ்சினுக்குப் பதில் அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை உரிய அனுமதியோடு வைக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட உபகரணம் பொருத்தி எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ மாறலாம். 6 சிலிண்டர் கனவுக்கு இடமில்லை.

காலமெல்லாம் விதிப்புத்தகத்தோடு வாழ்ந்த குமாஸ்தாவான நான் அந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன். 50 குதிரைத்திறனுக்குச் செய்த பிரேக் 100 குதிரைத்திறனைப் பிடித்து நிறுத்தாது. தெருவில் எதிரே வருகிறவருக்கும் உயிர் இருக்கிறது. திருட்டு வண்டிக்கு எஞ்சின் எண்ணை மாற்றி விற்றவர்களும் உண்டு. விதி வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஷெட்டுகள்தான் நம் நாட்டின் மோட்டார் பள்ளிக்கூடங்கள். இல்லாத பொருளுக்கு இருக்கிற பொருளைப் பொருத்தத் தெரிந்தவனுக்குத்தான் புதிய பொருளைச் செய்யவும் தெரிந்தது. கரிவரதன் அதற்குச் சாட்சி. சாலையில் தடுத்தது சரி. பந்தயத் தடத்திலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பிள்ளைகள் ஓர் எஞ்சினை இறக்கி இன்னொன்றை ஏற்றிப் பார்க்க வழி இருக்க வேண்டும். கையில் கிரீஸ் படாமல் இந்த வித்தை வராது.

உத்தர்பாரா தொழிற்சாலை 2014-ல் நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வாங்கியவர் பிரான்சின் பெஜோ. இங்கிலாந்து எஞ்சினோடு வளர்ந்த நம் வண்டியின் பெயர் அன்று ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் அலமாரிக்குப் போனது. சேசிஸும் இல்லை, எஞ்சினும் இல்லை.